மைத்துனன் பிடிக்கும் கயிறு

குமிழி வருகிறது. குமிழி வரும்வரை பயமில்லை. வள்ளத்துக்குத் தென்பக்கம், கை எட்டும் தூரத்தைக் கொஞ்சம் தாண்டி, கொத்துக்கொத்தாக ஏறிவந்து உடைகிறது, உடைந்த இடம் ஒரு நொடி வெளுத்துப் பிறகு பழைய பச்சைக்குப் போய்விடுகிறது, அடியில் ததேயு மூச்சு விடுகிறான். ததேயு என் தங்கச்சி மாப்பிள்ளை. தங்கச்சி போய்விட்டாள், மாப்பிள்ளை இருக்கிறான், இந்த உறவுக்கு என்ன பேர் என்று எவனைக் கேட்டாலும் தலையைச் சொறிகிறான். அவன் வாயில் கவ்வியிருக்கிற குழாய்க்குக் காற்றை அனுப்பும் கம்ப்ரசர் என் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஓடுகிறது, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கிறது. மற்ற ஊர்களில் கயிற்றை எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டார்கள், குழாயே போதும் என்று. எங்கள் கரையில் மட்டும் சங்குக்கு இறங்குகிறவன் இன்னும் கயிறு கட்டித்தான் இறங்குவான், அந்தக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். காரணம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து ஞாபகம் வரும், கூட்டாளி பிடித்தால் பழைய சண்டை ஞாபகம் வரும், மைத்துனனுக்கு வருவதெல்லாம் தங்கச்சி கழுத்தில் கிடக்கிற தாலி மட்டும். அதை நினைத்துக்கொண்டே பிடிப்பான், கண் அசரமாட்டான், எழுந்து ஒன்றுக்குக்கூடப் போகமாட்டான். நல்ல ஏற்பாடு, எவன் கண்டுபிடித்தானோ, மனுஷனை உள்ளும் புறமும் தெரிந்தவன். தாலி வாங்கியவள் முந்திக்கொண்டு போய்விட்டால் கயிற்றை என்ன செய்வது என்று அவன் யோசிக்காமலும் இல்லை. அதற்கும் ஒரு முறை வைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறான். அந்த முறைக்காகத்தான் இன்று ஜெரோம் வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

ஜெரோம் வேம்பார்க்காரன். அவன் தங்கச்சியைத்தான் ததேயுவுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், அதற்குள் கயிறு கை மாறிவிட வேண்டும். கை மாறுவது கரையில் நடக்காது. இறங்கினவன் அடியில் இருக்கும்போதே பழைய மைத்துனன் ஒரு நீள இழுப்பு இழுத்துவிட்டுக் கயிற்றைப் புதியவனிடம் கொடுக்க வேண்டும், புதியவன் ஒரு நீள இழுப்பு இழுக்க வேண்டும், அடியில் இருப்பவன் கை மாறியதை உணர்ந்து பதிலுக்கு ஒன்று இழுக்க வேண்டும். உன் கை எனக்குத் தெரிந்துவிட்டது, இனி என் உயிர் உன்னிடம் என்று அர்த்தம். அவ்வளவுதான், சாமியார் கிடையாது, மேளம் கிடையாது. ததேயு இறங்கும்முன் முகமூடிக் கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மச்சான், இறங்குன ஒடனே வேண்டாம். கொஞ்சம் போவட்டும். நீயே பாத்து மாத்திரு" என்றான். நீயே பார்த்து. எதைப் பார்த்து? வெயிலையா, காற்றையா? இறங்கி நேரமாகிவிட்டது. அவன் பையில் இந்நேரம் நாலைந்து சங்காவது விழுந்திருக்கும், இருந்தால். ஜெரோம் இரண்டு தடவை உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், புதுமாப்பிள்ளை அவன்தானோ என்பது போல. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறான், பாவம், வள்ளத்தில் உட்காருகிறவன் வெள்ளைச் சட்டையா போடுவான். "நான் ரெடிதாண்ணே. நீங்க எப்பச் சொன்னாலும் பிடிக்கேன்." மரியாதைக்காரன். அவனைப் பிடிக்காமல் போக ஒரு காரணம் தேடுகிறேன், இந்தச் சட்டையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. எஞ்சின் பக்கத்தில் சேகனா காக்கா சாய்ந்துகிடக்கிறார், காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், வள்ளம் அவருடையது, என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கடலில் இருக்கிற மனுஷர். "கஸ்பாரு, வெயில் ஏறுதுப்பா. நல்ல காரியத்தப் போட்டு இழுத்துக்கிட்டு இருக்காத." இழுக்கவில்லை காக்கா, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. "ஆட்டும்" என்றேன்.

ஆட்டும். ஆகட்டும் ஆகட்டும் என்றுதான் இந்த வளைகுடாவே காலத்தை ஓட்டியிருக்கிறது. பாண்டிய ராஜாவுக்கு முத்து வேண்டியிருந்தது, ஆகட்டும் என்று இறங்கினோம். பறங்கி கப்பலில் வந்தான், தலையில் தண்ணீர் ஊற்றிப் பேரை மாற்றி இறங்கச் சொன்னான், ஆகட்டும். அவனைத் துரத்திவிட்டு டச்சுக்காரன், அவனுக்குப் பிறகு வெள்ளைக்காரன், கொடி மாறியது, இறங்கினவன் மாறவில்லை. முத்துக்குளிப்பு என்றால் இந்தக் கரையே ஒரு ஊராகிவிடுமாம், கொட்டகையும் கடையும் சாராயமும், அரேபியாவிலிருந்து வியாபாரிகளும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டியும். கடல்கட்டி கரையில் உட்கார்ந்து முணுமுணுப்பான், அவனுக்கும் ஒரு பங்கு. சுறா எவனையாவது கடித்துவிட்டால் அவன் நேற்று சாமிகுத்தம் செய்தான் என்று சொல்லிவிடுவான், பங்கு பங்குதான். மேலே இருந்தவர்கள் எல்லாரும் முத்தை எண்ணினார்கள். கீழே போனவனை எண்ணிக்கொண்டிருந்தது மைத்துனன் மட்டும்தான். பிறகு சிப்பி போய்விட்டது, எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது, கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி ஒரு வருஷம் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. சங்கு இருந்தது. சங்கு வங்காளத்துக்குப் போகும், அங்கே அறுத்து வளையல் போட்டுக் கல்யாணப்பெண் கையில் மாட்டுவார்கள். அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கல்யாணமாக எங்கள் ஊர் மாப்பிள்ளை தண்ணீருக்குள் இறங்க வேண்டும் என்று பிரகாசி சொல்லுவாள். பிரகாசிதான் என் தங்கச்சி. ஒருநாள் ஒரு சங்கைக் காதில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ தூரம் போயி எவ கையிலயோ கெடக்கப் போற, எனக்கு ஒரு வளையல் ஆவப்பிடாதாக்கும்" என்று அதனுடன் சண்டை போட்டாள். ததேயு சிரித்தான். வாங்கித்தருகிறேன் என்றான். வாங்கித்தரவில்லை. இங்கே எடுத்த சங்கின் வளையல் இங்கே கிடைக்காது, அதுதான் விஷயம்.

குமிழி வருகிறது. கயிறு ஒரு தடவை சுண்டியது, அப்படியென்றால் கயிறு விடு என்று சொல்கிறான், விட்டேன். கிழக்கே நகர்கிறான். கிழக்கே என்ன இருக்கிறது, கிழக்கே முழுக்க மண். அப்பா காலத்தில் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சங்கு, கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போகிற தோணிகள் அந்தப் பக்கமாகப் பாய் விரித்துப் போகும், தோணிக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டுவார்கள், ஒரு தடவை தோணியை நடத்துகிற தண்டல் ஒருத்தர் எங்கள் வள்ளத்துக்குள் சுருட்டுக்கட்டை வீசிவிட்டுப் போனார். இப்போது கப்பல் வருகிறது, கப்பலில் இருப்பவன் கையாட்டினாலும் தெரியாது, அவ்வளவு உயரம். கப்பல் வர ஆழம் வேண்டும், ஆழம் வேண்டுமென்றால் தோண்ட வேண்டும், தோண்டின சேறு எங்காவது போய் உட்கார வேண்டுமல்லவா, சங்கு மேய்கிற வெள்ளை மணலில் வந்து உட்கார்ந்துகொண்டது. எவனையும் வைது பிரயோஜனமில்லை, ஜெரோமே அந்தத் துறைமுகத்தில்தான் கிரேன் ஓட்டுகிறான். நல்ல வேலை, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. முன்பு எங்கள் கரையிலிருந்து வரிசையாக வள்ளங்கள் கிளம்பும், காலையில் மைத்துனன்மார்கள் எல்லாரும் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் இறங்கி வருவதைப் பார்த்து டீக்கடைக்காரன், "வந்துட்டாங்கப்பா தூக்குப்போடுற கூட்டம்" என்பான். இன்று கடலில் நாங்கள் ஒரு வள்ளம். சுற்றிலும் பார்க்கிறேன், வேறு யாருமில்லை. ஒரு மீன்கொத்தி கூட இல்லை என்று சொல்லவந்தேன், ஒரு கடல்காக்கை இருக்கிறது, அதுவும் கப்பலைப் பார்த்துத்தான் போகிறது.

வரும் வழியில் ஜெரோம் ஒன்று சொன்னான். அதிலிருந்து எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. "எனக்கு லீவு கெடைக்காதுண்ணே. இன்னைக்குச் சம்பிரதாயத்துக்குத்தான் வந்தேன். நாளைலருந்து சேகனா பாய் ஒரு ஆளப் போட்டுக்குவாங்களாம்." ஆளைப் போட்டுக்கொள்வது. நான் சேகனா காக்காவைப் பார்த்தேன், அவர் எஞ்சினைப் பார்த்தார். அப்படியென்றால் கயிறு இவன் கைக்கு வந்து ஒரு மூச்சு நேரம் இருந்துவிட்டு எவனோ ஒரு கூலிக்காரன் கைக்குப் போகப்போகிறது. எவனோ பிடிக்கலாம், நான் பிடிக்கக்கூடாது. ஏனென்றால் செத்தவளின் அண்ணன் கை கனம். வேறு பெண்ணைப் பேசிவிட்ட பிறகும் அவன் கயிற்றைப் பிடித்தால் செத்தவள் அந்தக் கை வழியாகப் புருஷனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வாள், இதுதான் எங்கள் கரையின் பேச்சு. ஊரில் நேராக யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் பெண்டாட்டி லில்லிதான் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "அதுக்குள்ள மாத்திருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்" என்றாள். பிரகாசியா இழுப்பாள்? அவள் ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடக் கூப்பாடு போட்டு என்னைத்தான் கூப்பிடுவாள். தினமும் காலையில் சோற்றுவாளியை என்னிடம் நீட்டும்போது, "அண்ணே, முழுசாக் கொண்டாந்து சேத்துரு. கை கால் கொறஞ்சா வாங்கமாட்டேன்" என்பாள். அவள் இழுப்பாளாம்.

கூலிக்காரன் கை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், என் உடம்பின் பாதிக்குத் தெரியும். நானும் இறங்கினவன்தான். என் மைத்துனன், லில்லியின் அண்ணன், மஸ்கட்டுக்குப் போன வருஷம் கயிற்றுக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். நல்ல பையன், பாட்டுப் பாடுவான். நான் கயிறு விடு என்று ஒரு சுண்டு சுண்டினேன், அவன் பதறி, என்னமோ ஆகிவிட்டது என்று, ஒரே இழுப்பாக இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது. மெல்ல மெல்ல, நின்று நின்று வர வேண்டும், இல்லையென்றால் ரத்தத்துக்குள் காற்று புகுந்துகொள்ளும். வள்ளத்தில் படுக்கவைத்தார்கள், எழுந்திருக்கவில்லை. பிறகு பல மாதம் கழித்து எழுந்தேன், இடது கால் இழுக்கும், இடது கையில் உணர்ச்சி போய்விட்டது. கை வேலை செய்யும், பிடிக்கும், தூக்கும், ஆனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அதற்கே தெரியாது, நான் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கயிற்றை எப்போதும் வலது கையில் வாங்குவேன், இடது கை சும்மா பின்னால் சுருளைப் பார்த்துக்கொள்ளும். இப்போது ததேயுவுக்கு அதே மாதிரி ஒரு பாட்டுப் பாடுகிறவன் வருவான். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லிப் பார்க்கலாமா, ஜெரோமிடம், தம்பி லீவு போடு, அல்லது சேகனா காக்காவிடம், காக்கா எனக்குக் கூலிகூட வேண்டாம், ஆளாக என்னையே போட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டேன் அதையும், போன வாரம். அவர் என் தோளில் கையைப் போட்டு, "ஒனக்குத் தெரியாததா கஸ்பாரு" என்றார். தெரிந்ததுதான். தெரிந்ததெல்லாம் எதற்கு உதவியது.

ஆஸ்பத்திரியில் பிரகாசி மஞ்சளாகப் படுத்திருந்தாள், கண், நகம், உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி கொடுத்தால் போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் இருந்தோம், அவளும். கடைசி மத்தியானம் நான் கட்டிலுக்கு வலப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், ததேயு மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைதான் அவளுக்கு அருகில் இருந்தது. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு ஆள் ஆட்டோவின் டயரை மாற்றிக்கொண்டிருந்தான், நட்டு கழலாமல் மிதித்துக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்ன ஆர்வமோ. லில்லி உள்ளே வந்து, "ஐயோ, கைய விட்டுட்டாளே" என்று கத்தினபோதுதான் திரும்பினேன். அவள் கை மெத்தையில் கிடந்தது. எப்போது விட்டாள்? டயர் மாட்டுவதற்கு முன்பா, பின்பா? இறுக்கிப் பிடித்தாளா, ஏதாவது சாடை காட்டினாளா, கயிறு விடு, இழு, ஏதாவது? வலது கையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். ததேயு வந்தான், மருந்துப்பொட்டலத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான், என்னைக் கேட்டான், "என்ன சொன்னா மச்சான்?" ஒன்றும் சொல்லவில்லை மாப்ள என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுபடி கடலுக்கு வந்தோம், அவன் இறங்கினான், நான் பிடித்தேன். கீழேயிருந்து அவன் சுண்டும்போதெல்லாம் அவள் இன்னும் வீட்டில் சோற்றுவாளியோடு நிற்கிறாள் என்று இருக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரு சேலையும் சில பாத்திரமும் லில்லி எடுத்து வைத்திருக்கிறாள். மற்றபடி அவள் பேரில் இந்த உலகத்தில் இயங்கிக்கொண்டிருப்பது இந்தக் கயிறு ஒன்றுதான்.

குமிழி? வருகிறது, வருகிறது. கொஞ்சம் தள்ளி வந்தது, அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படித்தான் சில சமயம் உயிர் போய்ப் போய் வருகிறது. ஒன்று கேட்கிறேன், மாதாவைச் சாட்சி வைத்துக் கேட்கிறேன், கஸ்பாரு, இவன் ஏறிவராமல் போனால் உனக்குச் சந்தோஷமா? இல்லை. இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன், அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. ஐந்து மாதத்துக்குள் இன்னொருத்தி என்றபோது வயிறு எரிந்ததா இல்லையா. எரிந்தது. அவன் பெண் பார்க்க வேம்பாருக்குப் போய்வந்த அன்று புதுச் செருப்பு போட்டிருந்தான், அதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடவில்லை. ஒரு செருப்புக்காக ஒரு மனுஷன் சாப்பிடாமல் இருப்பானா? ஆனால் அவனும்தான் என்ன செய்வான், வயது இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்தால் இருட்டு, அவன் அம்மாவுக்குக் கண் தெரியாது, பேசினவர்கள் நாங்கள்தானே, சம்பந்தம் பேசப்போன வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துபோனது நான்தானே. அப்படியானால் என் கை நிஜமாகவே கனமா? ஊர் சொல்வது சரியா? என் கைக்குத் தெரியாமல் அது ஏதாவது வைத்துக்கொண்டிருக்கிறதா? என் கையைப் பார்க்கிறேன், காய்ப்பும் உப்புவெடிப்புமாக எல்லார் கையும் போலத்தான் இருக்கிறது. ஒருவேளை நான் மாற்றுவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால். குழாய் மடங்கினால், எஞ்சின் நின்றால், திருக்கை வால் பட்டால். எத்தனையோ வருஷமாக வராத பயமெல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நிற்கிறது. மாற்றிவிட வேண்டும். இப்போதே மாற்றிவிட வேண்டும், என் கையில் இருக்கும்போது ஒன்றும் ஆகிவிடக்கூடாது. "தம்பி, இங்க வா" என்றேன்.

ஜெரோம் எழுந்து, வள்ளம் ஆட, என் பக்கத்தில் வந்து மண்டிபோட்டான். சேகனா காக்கா நிமிர்ந்து உட்கார்ந்து தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். நான் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தேன். கல்யாணத்தன்று இழுத்தது இதே மாதிரிதான், அன்று தாலி கட்டின கையோடு ததேயுவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம், மாப்பிள்ளைச் சட்டையைக் கழற்றி இறங்கினான், நான் இழுத்ததும் அடியிலிருந்து அவன் விட்ட பதிலில் நான் குப்புற விழப்பார்த்தேன், அத்தனை பலம், அத்தனை குறும்பு. கரைக்கு வந்து சொன்னதும் பிரகாசி கூறைச்சேலையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். "குடுங்கண்ணே" என்றான் ஜெரோம். கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மெதுவாக, யாரையோ எழுப்புவது போல இழுத்தான். காத்திருந்தோம். கம்ப்ரசர் கடகடத்தது. குமிழி வந்தது. பதில் வரவில்லை. "இன்னொருக்கா இழு" என்றார் சேகனா காக்கா. இழுத்தான். வரவில்லை. குமிழி வருகிறது, அப்படியென்றால் மூச்சு இருக்கிறது, மூச்சு இருப்பவன் ஏன் பதில் சொல்லவில்லை? கை கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறானா? முகமூடிக்குள் அழுதால் தண்ணீர் போக வழி கிடையாது, கண்ணிலேயே நிற்கும். ஜெரோமின் முகம் வெளுத்துவிட்டது, "எனக்குக் கை தெரியலியோண்ணே, நான் தப்பா இழுக்கேனோ" என்றான். கொடுத்த கயிற்றைத் திரும்ப வாங்கக்கூடாது, வாங்கினால் அவனுக்கு அதுவே சாவு என்பார்கள். எனக்கு எட்டும் தூரத்தில் அந்தக் கயிறு இருக்கிறது, நான் அதைத் தொடக்கூடாது. மாதாவே, பதில் சொல்ல வை, என் தங்கச்சியை மறக்கவாவது வை, எப்படியாவது ஒரு இழுப்பு இழுக்க வை. சேகனா காக்கா வாய்க்குள் ஓத ஆரம்பித்துவிட்டார். குமிழி பெரிதாகிறது, அருகில் வருகிறது, மேலே வருகிறது, ஏறிவருகிறான், நின்று நின்று ஏறிவருகிறான்.

தலை தெரிந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழாயைத் துப்பினான், முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான், கண் இரண்டும் சிவந்திருந்தன, உப்புத்தண்ணீரில் எல்லாருக்கும் சிவக்கும். "ஏன் மச்சான் மாத்தல?" என்றான். ஜெரோமுக்கு அழுகையே வந்துவிட்டது. "அத்தான், நாந்தான பிடிச்சிருக்கேன். ரெண்டு வாட்டி இழுத்தேன்!" ததேயு தலையை ஆட்டினான். "இல்ல. இழுப்பு வந்துது. ஆனா அது மச்சான் கை. எனக்குத் தெரியாதா." சேகனா காக்கா எட்டிப் பார்த்தார், ஜெரோம் பின்னால் திரும்பிப் பார்த்தான், அதற்கப்புறம்தான் நானும் குனிந்து பார்த்தேன். ஜெரோமின் கைக்குப் பின்னால், சுருளுக்கு முன்னால், என் இடது கை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. சும்மா பிடிக்கவில்லை, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியெல்லாம் ரத்தம் இல்லாமல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. அவன் இழுத்ததையெல்லாம் நான் பின்னாலிருந்து கூட இழுத்திருக்கிறேன். உணர்ச்சி இல்லாத கை, எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதான். ததேயு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தான், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசாதவன், மெதுவாக, "திரும்ப எறங்குறேன். இந்த வாட்டி விட்ரு மச்சான்" என்றான்.

முகமூடி இறங்கியது, குழாய் வாய்க்குள் போனது, துடுப்புச்செருப்பின் நுனி ஒருமுறை வெயிலில் மின்னிவிட்டு அமிழ்ந்தது. நான் வலது கையால் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல் எளிதாக வந்தது, கட்டைவிரல் வரவில்லை, ஜெரோம் உதவிக்குக் கை நீட்டினான், வேண்டாம் என்றேன். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்ன பிள்ளை மாதிரி. கயிறு ஜெரோமின் வெள்ளைச் சட்டையை நனைத்துக்கொண்டு ஓடியது, ஓடி நின்றது, அடி தொட்டுவிட்டான். ஜெரோம் என்னைப் பார்த்தான். இழு என்று தலையை அசைத்தேன். இழுத்தான். உடனே வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கயிறு விறைத்து, தண்ணீர் தெறித்து, ஜெரோம் குப்புற விழப்போய் விளிம்பில் மார்பு இடித்துத் தப்பித்தான். அதே பலம். "வந்துட்டுண்ணே! யம்மாடி, என்னா இழுப்பு!" என்று சிரித்தான். சேகனா காக்கா அல்ஹம்துலில்லா என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். குமிழி வந்துகொண்டிருந்தது. வலது கை தொடைக்கு அடியில் நசுங்கி வலித்தது. இடது கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.